செயற்கைப் பல்தொகுதி சீரமைப்பு

செயற்கைப் பல்தொகுதி சீரமைப்பு என்பது, இழந்த இயற்கைப் பற்களுக்கு மாற்றாக அணியப்படும் கழற்றி மாட்டக்கூடிய பல்தொகுதி உடைந்தாலோ, விரிசல் கண்டாலோ, பல் கழன்றாலோ, பிடிப்புத் தளர்ந்தாலோ அதனை மீண்டும் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் பல் மருத்துவ, பல் தொழில்நுட்பப் பணியாகும். இத்தொகுதி பேச்சு வழக்கில் பல்செட், பொய்ப்பல், கட்டுப்பல் எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. பழுது நேராமல் தடுக்கும் அன்றாடப் பராமரிப்பும் இத்துறையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

உடைந்த தொகுதியின் துண்டுகள் அனைத்தும் சிதையாமல் கிடைத்தால், பெரும்பாலான முறிவுகளைப் பல் ஆய்வகத்தில் சில மணி நேரத்திலேயே சரிசெய்துவிட முடியும். வீட்டில் ஒட்டுப்பசை கொண்டு ஒட்டப்பட்ட தொகுதியோ பல வேளைகளில் சீரமைக்க இயலாத நிலையை அடைகிறது. மேலும், முறிவுக்கான காரணத்தைக் கண்டறியாமல் வெறுமனே ஒட்டப்படும் தொகுதி மீண்டும் உடைவதே வழக்கமாகும்.

அமைப்பும் வகைகளும்

செயற்கைப் பல்தொகுதியில் இரண்டு முதன்மைப் பகுதிகள் உள்ளன. ஈறின் மீதும், மேல்தொகுதியாயின் அண்ணத்தின் மீதும் படிந்திருக்கும் இளஞ்சிவப்பு நிறத் தட்டு அடித்தளம் எனப்படும். அதன் மேல் செயற்கைப் பற்கள் பதிக்கப்பட்டிருக்கும். பகுதித்தொகுதிகளில் இவற்றுடன், எஞ்சியுள்ள இயற்கைப் பற்களைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகளும் இருக்கும்.

* முழுத்தொகுதி: ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் இழந்தவர்கள் அணிவது. மேல்தொகுதி அண்ணத்தை முழுவதும் மூடியிருக்கும். கீழ்த்தொகுதி, நாக்கிற்கு இடம் விட்டுக் குதிரை லாட வடிவில் அமையும்.
* பகுதித்தொகுதி: சில பற்களை மட்டும் இழந்தவர்கள் அணிவது. இதன் அடித்தளம் முழுவதும் அக்ரிலிக்காகவோ, கோபால்ட்டு-குரோமியக் கலப்புலோகச் சட்டகமாகவோ, வளையக்கூடிய நைலானாகவோ இருக்கலாம்.
* உள்வைப்பின் மீது அமரும் தொகுதி: தாடை எலும்பில் பொருத்தப்பட்ட தைட்டானியம் உள்வைப்புகளின் மீது அமர்ந்து, கழற்றி மாட்டக்கூடியது.

இன்றைய தொகுதிகளின் அடித்தளம் பெரும்பாலும் பாலிமெத்தில் மெத்தாக்ரைலேட் என்னும் அக்ரிலிக் வகைப் பலபடியால் ஆனது. ஏற்கனவே பலபடியாக்கப்பட்ட தூளுடன் மெத்தில் மெத்தாக்ரைலேட் என்னும் நீர்மத்தைக் கலந்தால் மாவு போன்ற கலவை கிடைக்கும். அதனை அச்சில் அழுத்தி, நீரில் சூடேற்றினால் கெட்டியான நெகிழி உருவாகும். நீர்மத்தை மட்டும் பலபடியாக்கினால் அதன் கன அளவு சுமார் 21 விழுக்காடு சுருங்கும். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு நீர்மம் என்ற அளவில் கலப்பதால் இச்சுருக்கம் சுமார் 7 விழுக்காடாகக் குறைகிறது. சீரமைப்பின்போது புதிய அக்ரிலிக் பழைய அக்ரிலிக்குடன் ஒன்றிணைவதும் இந்நீர்மத்தின் பண்பினாலேயே ஆகும்.

வரலாறு

செயற்கைப் பற்களைப் போலவே அவற்றின் பழுதுநீக்கமும் பழமையானது. சப்பானில் ஒரே மரக்கட்டையில் செதுக்கப்பட்ட தொகுதிகள் பயன்பாட்டில் இருந்தன. அவற்றுள், 1538இல் மறைந்த நக்காவோக்கா தெய் என்னும் பௌத்தப் பெண் துறவியின் மேல்தொகுதி நன்கு அறியப்பட்டதாகும். ஐரோப்பாவில் நீர்யானைத் தந்தம், யானைத் தந்தம், மனிதப் பற்கள் ஆகியவற்றால் தொகுதிகள் செய்யப்பட்டன. 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போரில் இறந்த வீரர்களின் பற்களும் இதற்குப் பயன்பட்டமையால், மனிதப் பற்கள் பதித்த தொகுதிகளுக்கு "வாட்டர்லூ பற்கள்" என்ற பெயரும் வழங்கிற்று.

ஐக்கிய அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான சியார்ச் வாசிங்டன் மரப்பற்கள் அணிந்திருந்தார் என்பது பரவலான தவறான நம்பிக்கையாகும். அவருடைய தொகுதிகள் தந்தம், மனிதப் பற்கள், ஈயம், தங்கம் முதலியவற்றால் ஆனவை. அவர் 1798 திசம்பரில் தமது தொகுதியைப் பழுதுபார்ப்பதற்காகத் தம் பல் மருத்துவர் சான் கிரீன்வுட்டிற்கு அனுப்பினார். தொகுதி கறுத்துப்போயிருந்ததைக் கண்ட கிரீன்வுட், போர்ட் வைனில் உள்ள புளிப்பு பற்களின் மெருகை நீக்கிவிடுவதாகவும், உணவிற்குப் பின் தொகுதியைக் கழற்றிவிட்டு வேறொன்றை அணியவேண்டும் அல்லது தூரிகையும் பொடித்த சுண்ணக்கட்டியும் கொண்டு தூய்மை செய்யவேண்டும் என்றும் பதில் எழுதினார். பல்தொகுதிப் பராமரிப்புக்கென ஒரு பல் மருத்துவர் எழுத்தில் தந்த பழைய அறிவுரைகளுள் இதுவும் ஒன்றாகும்.

பிரான்சில் அலெக்சி துசாத்தோ என்னும் மருந்தாளர் 1774 அளவில் பீங்கான் தொகுதியை உருவாக்கினார். நிக்கோலா துபுவா தெ செமான் அதனை மேம்படுத்தி, 1791இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பீங்கான் கறைபடாது, அழுகாது. ஆயினும் கீழே விழுந்து நொறுங்கினால் அதனைச் சரிசெய்ய வழியில்லை.

சார்லசு குட்இயர் 1844இல் இரப்பரை வல்கனைசாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய உடன்பிறந்தவர் நெல்சன் குட்இயர் 1851இல் கடின இரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். வல்கனைட்டு எனப்பட்ட இப்பொருள், விலை குறைந்த தொகுதிகளை முதன்முறையாகப் பரவலாக்கியது. அமெரிக்காவில் இதற்கான உரிமத்தைக் கட்டாயமாக்கிப் பல் மருத்துவர்கள் மீது தொடர்ந்து வழக்குத் தொடுத்த நிறுவனத்தின் பொருளாளரான சோசையா பேக்கன், 1879இல் சான் பிரான்சிசுக்கோவில் சாமுவேல் சால்பன்ட் என்ற பல் மருத்துவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். உடைந்த வல்கனைட்டைச் சீரமைப்பதும் எளிதன்று. பழைய இரப்பரும் புதிய இரப்பரும் வேதியியல் முறையில் ஒன்றாகாமையால், தச்சர் மரத்தை இணைப்பதுபோல முறிந்த விளிம்புகளில் பிடிப்புப் பள்ளங்கள் வெட்டிப் புதிய இரப்பரை நிரப்பி, தொகுதி முழுவதையும் மீண்டும் வல்கனைசாக்க வேண்டியிருந்தது. அவ்வாறு செய்யும்போது பழைய பகுதி கறுத்து, நொறுங்கும் தன்மை பெற்றது.

வால்ட்டர் ரைட் 1937இல் பாலிமெத்தில் மெத்தாக்ரைலேட்டை அடித்தளப் பொருளாக அறிமுகப்படுத்தியதே பெரும் திருப்பமாகும். ஈறின் நிறம், குறைந்த எடை, எளிய சீரமைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததால், அடுத்த பத்தாண்டுக்குள் அது வல்கனைட்டைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது.

பிரித்தானியாவில் 1948இல் தேசிய நலச் சேவை தொடங்கியபோது, இலவசப் பல்தொகுதிகளுக்கான தேவை எதிர்பார்ப்பை வெகுவாக விஞ்சியது. செலவைக் கட்டுப்படுத்த 1951ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பல்தொகுதிக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. இதனை எதிர்த்து, அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

பழுதுகளும் காரணங்களும்

நடுக்கோட்டு முறிவு

மேல் முழுத்தொகுதியில் மிகுதியாகக் காணப்படும் பழுது இதுவாகும். முன்பற்கள் இரண்டிற்கும் இடையே தொடங்கும் விரிசல், அண்ணத்தின் நடுவே பின்னோக்கிச் சென்று தொகுதியை இரு பாதியாகப் பிளக்கிறது. பெரும்பாலும் உணவு மெல்லும்போதே இது நிகழ்வதால், கடினமான ஏதோ ஒன்றைக் கடித்ததே காரணம் என அணிபவர் கருதுவதுண்டு. உண்மையில் இம்முறிவு பல மாதங்களாக வளர்ந்து வந்த ஒன்றாகும்.

பற்களை இழந்த பின் தாடை எலும்பின் மேடு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. அண்ணத்தின் நடுப்பகுதி எலும்போ அவ்வாறு தேய்வதில்லை. எனவே நாளடைவில் தொகுதி இருபுறமும் தாங்குதலை இழந்து, நடு அண்ணத்தின் மீது மட்டும் ஊன்றி நிற்கிறது. ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் அதன் இரு பக்கங்களும் கீழிருந்து மேலாக வளைகின்றன. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுதியில் அது முறிவதைப் போன்றே இதுவும் முறிகிறது. பொறியியலில் இது அயர்வு முறிவு எனப்படுகிறது.

மேலுதட்டை ஈறுடன் இணைக்கும் சவ்வு மடிப்பிற்கு இடம்விடும் பொருட்டுத் தொகுதியின் முன்விளிம்பில் வெட்டப்படும் பள்ளம், தகைவு குவியும் இடமாகும். பெரும்பாலான விரிசல்கள் இங்கிருந்தே தொடங்குகின்றன. இப்பள்ளம் ஆழமாகவும் கூர்மையாகவும் இருந்தால் ஆபத்து மிகும்.

மோதல் முறிவு

தொகுதி கைநழுவிக் கழுவுதொட்டியிலோ தரையிலோ விழுவதால் ஏற்படுவது. கீழ்த்தொகுதிகளில் இது மிகுதி. வடிவ ஒழுங்கற்ற துண்டுகளாக உடைவதும், ஓரத் துண்டு மட்டும் சிதறுவதும் இதன் இயல்பாகும்.

பல் கழலுதல்

அக்ரிலிக் பற்கள் அடித்தளத்துடன் வேதியியல் முறையில் பிணைபவை. அவை கழன்று விழுந்தால், தயாரிப்பின்போது பல்லின் அடியில் மெழுகு எஞ்சியிருந்தமையோ, பிரிப்புப் பூச்சு அங்கே படிந்தமையோ பெரும்பாலும் காரணமாகும். பீங்கான் பற்களுக்கு இத்தகைய பிணைப்பு இல்லை. அவை உள்ளே அமைந்த ஊசிகளாலும் துளைகளாலும் மட்டுமே பிடித்து நிறுத்தப்படுகின்றன.

கொக்கி முறிதல்

பகுதித்தொகுதியை ஒரே பக்கமாக இழுத்துக் கழற்றுவதாலும், கடித்து அழுத்தி மாட்டுவதாலும், தளர்ந்த கொக்கியைத் தாமே வளைத்துச் சரிசெய்ய முயல்வதாலும் கொக்கிகள் முறிகின்றன.

தளர்வு

எலும்புத் தேய்வினால் தொகுதியின் உட்பரப்பும் ஈறும் பொருந்தாமல் போவதே தளர்வாகும். ஆன்யே தால்கிரென் 1972இல் வெளியிட்ட, 25 ஆண்டுக் காலத்தைத் தழுவிய ஆய்வு, கீழ்த்தாடை மேட்டின் தேய்வு மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி எனக் காட்டியது. கீழ்த்தொகுதியே நிற்பதில்லை என்று முதியோர் பலரும் கூறுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் ஆகும்.

உடைந்தவுடன் செய்யவேண்டியவை

# வாயிலிருக்கும்போது உடைந்தால், உடனே எல்லாத் துண்டுகளையும் வெளியே எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு குறைந்து, இருமல், மூச்சுத்திணறல், விழுங்குவதில் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.
# கிடைத்த துண்டுகள் அனைத்தையும், கழன்ற பல் உட்பட, தண்ணீர் உள்ள கலத்தில் இட்டு வைக்கவேண்டும். மிகச் சிறிய துண்டும் இணைப்பைச் சரியாக அமைக்க உதவும்.
# துண்டுகளின் முறிந்த விளிம்புகளைத் தேய்க்கவோ அராவவோ கூடாது.
# உடைந்த தொகுதியை அணிந்துகொண்டு உண்ணக்கூடாது. கூரிய விளிம்பு ஈறையும் நாக்கையும் கிழிக்கும். பகுதித்தொகுதியின் சிறு துண்டு மூச்சுக்குழலுக்குள் செல்லவும் கூடும்.
# சீரமைப்பு முடியும் வரை மென்மையான உணவை உட்கொள்ளலாம். பழைய தொகுதி ஏதேனும் இருந்தால், அது பொருந்துமாயின், தற்காலிகமாக அணியலாம்.

அக்ரிலிக் ஊடுகதிர்ப் படத்தில் தென்படாத பொருள் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. உலோகக் கொக்கி இல்லாத துண்டு ஒன்று விழுங்கப்பட்டால் ஊடுகதிர்ப் படம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்பி ஆபத்தில்லை எனக் கொள்ளலாகாது. துண்டு காணாமற்போன செய்தியை மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

வீட்டில் ஒட்டுவதன் தீமைகள்

கடைகளில் கிடைக்கும் உடனடி ஒட்டுப்பசைகள் சயனோஅக்ரைலேட் வகையைச் சேர்ந்தவை. அவை நொடிகளில் இறுகிவிடுவதால், துண்டுகளைச் சரியான நிலையில் பொருத்தி வைக்கப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அரை மில்லிமீட்டர் விலகலும் கடியை மாற்றிவிடும். அவ்விலகல் ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் கொடுத்துப் புண்ணை உண்டாக்கும். வாயின் ஈரமும் வெப்பமும் மெல்லும் விசையும் சேர்ந்து இப்பிணைப்பைச் சில நாட்களிலேயே தளர்த்தும். அடுத்த முறிவு எதிர்பாராத நேரத்தில் நிகழும்.

இதைவிடப் பெரிய இழப்பு மற்றொன்று உண்டு. முறிந்த விளிம்புகள் ஒன்றோடொன்று இயல்பாகப் பொருந்துவதே ஆய்வகச் சீரமைப்பின் அடிப்படையாகும். பசை அவ்விளிம்புகளில் படிந்து இறுகிய பின் துண்டுகள் பழைய நிலையில் அமரா. பசையை அகற்றத் தேய்க்கும்போது விளிம்பின் வடிவமே அழிந்துவிடும். சிறு செலவில் முடிந்திருக்கவேண்டிய பணி, புதிய தொகுதி செய்யும் செலவில் முடிவது இவ்வாறே ஆகும்.

தெற்காசிய நாடுகளில் பயிற்சி பெறாதோர் சிலர், இறுகாத அக்ரிலிக்கை நேரடியாக வாயினுள் இட்டுப் பொய்ப்பல்லை இயற்கைப் பற்களுடன் ஒட்டிவிடுவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. இறுகும்போது வெளிப்படும் வெப்பமும் வினைபுரியாத நீர்மமும் ஈறைச் சுடும். கழற்றித் தூய்மை செய்ய முடியாமையால் அடியில் உணவு தேங்கி, நல்ல நிலையில் இருந்த அண்டைப் பற்களும் கெடும்.

ஆய்வகச் சீரமைப்பு முறை

இரண்டு துண்டுகளாக உடைந்த அக்ரிலிக் தொகுதி பின்வரும் படிநிலைகளில் சீரமைக்கப்படுகிறது.

# தொகுதி கழுவப்பட்டு, தொற்றுநீக்கம் செய்யப்படுகிறது.
# துண்டுகள் பொருத்தப்பட்டு, மெருகிட்ட வெளிப்பரப்பில் ஒட்டு மெழுகால் இணைக்கப்படுகின்றன. அசையாதிருக்க, குறுக்கே சிறு குச்சிகளோ பழைய துரப்பணத் தண்டுகளோ வைத்து மெழுகிடப்படும்.
# ஈறின் மீது படியும் உட்பரப்பில் பாரிசு சாந்து அல்லது பல் மருத்துவச் சாந்து வார்க்கப்படுகிறது. சாந்து சிக்கிக்கொள்ளக்கூடிய உட்குழிவுகள் முன்னரே அடைக்கப்படும். சாந்து இறுகியதும், துண்டுகளின் சரியான இருக்கையைக் காட்டும் அச்சு கிடைக்கிறது.
# துண்டுகள் அச்சிலிருந்து எடுக்கப்பட்டு, முறிந்த விளிம்புகள் இடையே சுமார் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வரும்படி அராவப்படுகின்றன. விளிம்பை நேராக விடாமல் சாய்வாகவோ வளைவாகவோ அமைத்தால் ஒட்டும் பரப்பு கூடி, இணைப்பு வலுப்பெறும்.
# அச்சின் மீது சோடியம் ஆல்சினேட்டு போன்ற பிரிப்புப் பூச்சு இடப்படுகிறது. இப்பூச்சு முறிந்த விளிம்புகளில் பட்டுவிடக் கூடாது.
# துண்டுகள் மீண்டும் அச்சில் வைக்கப்பட்டு, விளிம்புகள் மெத்தில் மெத்தாக்ரைலேட் நீர்மத்தால் நனைக்கப்படுகின்றன. சுமார் 3 நிமிடம் நனைத்தால் பழைய அக்ரிலிக்கின் மேற்பரப்பு கரைந்து மென்மையாகி, புதியது அதனுள் ஊடுருவிப் பிணையும்.
# இடைவெளியில் தூளும் நீர்மமும் மாறி மாறி இடப்பட்டு, சற்று மேடாக நிரப்பப்படுகிறது. இறுகும்போது ஏற்படும் சுருக்கத்தையும் பின்னர் தேய்ப்பதையும் கருதியே இம்மேடு விடப்படுகிறது.
# அச்சுடன் தொகுதி, 40 முதல் 45 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில், ஏறத்தாழ 2 வளிமண்டல அழுத்தம் கொண்ட கலத்தில் 10 முதல் 15 நிமிடம் வைக்கப்படுகிறது. அழுத்தம், குமிழ்கள் உருவாவதைத் தடுக்கிறது.
# மிகையான அக்ரிலிக் அராவப்பட்டு, நுரைக்கல் தூள் கொண்டு மெருகிடப்படுகிறது. ஈறில் படியும் உட்பரப்பிற்கு மெருகிடுவதில்லை. இட்டால் பொருத்தம் கெடும்.
# இறுதியில் பல் மருத்துவர் தொகுதியை வாயில் அணிவித்து, கடியையும் அழுத்தப் புள்ளிகளையும் சரிபார்க்கிறார்.

துண்டுகள் பொருந்தாதபோதும், ஒரு துண்டு தொலைந்துபோனபோதும், புதிதாக ஒரு பல் சேர்க்கவேண்டியபோதும் மேற்கண்ட முறை மட்டும் போதாது. தொகுதியை வாயில் வைத்து அதன் மேல் அளவு எடுத்து, அந்த அச்சினை ஆய்வகத்திற்கு அனுப்பவேண்டும்.

அக்ரிலிக் வகையின் தேர்வு

சீரமைப்பிற்கு வெப்பத்தில் இறுகும் அக்ரிலிக், அறை வெப்பநிலையில் இறுகும் அக்ரிலிக், ஒளியில் இறுகும் பிசின் ஆகியவை பயன்படுகின்றன. முதலிரு வகைகளிலும் பென்சாயில் பெராக்சைடு என்னும் தொடக்கியே உள்ளது. முதல் வகையில் வெப்பம் அதனைச் சிதைத்து வினையைத் தொடங்குகிறது. இரண்டாம் வகையில் நீர்மத்தில் கலந்துள்ள மூவிணைய அமீன் வெப்பமின்றியே அப்பணியைச் செய்கிறது.

வெப்பத்தில் இறுகும் அக்ரிலிக் கொண்டு சீரமைத்தால் மூலத் தொகுதியின் வலிமையில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடும், அறை வெப்பநிலையில் இறுகுவதைக் கொண்டு சீரமைத்தால் 60 முதல் 65 விழுக்காடும் கிடைப்பதாகப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. இருப்பினும் இரண்டாம் முறையே பெருவழக்கில் உள்ளது. மீண்டும் சூடேற்றும்போது பழைய அடித்தளத்தில் உறைந்துள்ள தகைவுகள் விடுபட்டு, தொகுதி கோணிப்போகும் என்பதே இதற்குக் காரணமாகும். அறை வெப்பநிலையில் இறுகுவதில் வினைபுரியாத நீர்மம் சற்று மிகுதியாக எஞ்சும். சீரமைத்த தொகுதியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் இது குறையும்.

வலுவூட்டல்

மீண்டும் மீண்டும் உடையும் தொகுதிகளில் உலோகக் கம்பி, உலோக வலை, கண்ணாடி இழை ஆகியவற்றுள் ஒன்று உட்பொதிக்கப்படுகிறது. உலோகம் அக்ரிலிக்குடன் வேதியியல் முறையில் பிணைவதில்லை. சிலேன் பூச்சிடப்பட்ட கண்ணாடி இழை நன்கு பிணைவதுடன் நிறத்தையும் கெடுப்பதில்லை. இழையை முறிவுக் கோட்டிற்குக் குறுக்காக வைத்தால்தான் பயன் உண்டு. இரப்பர் கலந்த, மோதலைத் தாங்கும் அக்ரிலிக் வகையும் உள்ளது.

உலோகம், நைலான் தொகுதிகள்

அக்ரிலிக் பகுதித்தொகுதியில் கொக்கி முறிந்தால், புதிய கம்பியை வளைத்து அக்ரிலிக்கினுள் பதித்துவிடலாம். கோபால்ட்டு-குரோமியச் சட்டகம் முறிந்தால் சீரொளிப் பற்றவைப்பு அல்லது பற்றாசு தேவைப்படும்; சில வேளைகளில் புதிய சட்டகமே வார்க்கவேண்டியிருக்கும். நைலான் தொகுதிகள் எளிதில் உடையாதவை. ஆனால் உடைந்தால் வழக்கமான அக்ரிலிக் அவற்றுடன் பிணையாது. எனவே அவற்றைச் சீரமைப்பது கடினமாகும்.

உட்பரப்புப் புதுப்பித்தல்

கீழே விழாமல் தானே உடைந்த தொகுதியை ஒட்டினால் மட்டும் போதாது. தளர்வே முறிவின் காரணமாயின், ஈறின் இன்றைய வடிவிற்கேற்ப உட்பரப்பில் புதிய அடுக்கு ஒன்றைச் சேர்க்கவேண்டும். இது உட்பரப்புப் புதுப்பித்தல் எனப்படும். பற்களையும் கடியையும் மாற்றாமல் அடித்தளம் முழுவதையும் புதிதாக அமைப்பது அடித்தள மாற்றம் எனப்படும். ஈறு புண்ணாகியுள்ளவர்களுக்கு, அது ஆறும் வரை மென்மையான தற்காலிக உள்ளுறை இடப்படுகிறது.

அன்றாடப் பராமரிப்பு

அமெரிக்கப் பல்தொகுதி மருத்துவ வல்லுநர் கல்லூரி முழுத்தொகுதிகளின் பராமரிப்பிற்கான வழிகாட்டுதல்களை 2011இல் வெளியிட்டது. அவற்றையும் பொதுவான மருத்துவ நடைமுறையையும் ஒட்டிய குறிப்புகள் வருமாறு:

* ஒவ்வொரு முறை உண்ட பின்னரும் தொகுதியைக் கழற்றி நீரில் அலசவேண்டும். நாளுக்கு ஒரு முறையேனும் மென்மையான தூரிகை கொண்டு துலக்கவேண்டும்.
* வழக்கமான பற்பசை, பற்பொடி, கரி, உப்பு, சாம்பல் ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. அக்ரிலிக் இயற்கைப் பல்லின் எனாமலைவிட மிகவும் மென்மையானது. கீறல்களில் நுண்ணுயிர்களும் கறையும் தங்கும். பாத்திரம் கழுவும் நீர்மம் சிறிதளவோ, மென்மையான சோப்போ போதுமானது.
* கழுவும்போது கழுவுதொட்டியில் பாதியளவு தண்ணீர் நிரப்பியோ, அடியில் துண்டு விரித்தோ வைத்துக்கொள்ளவேண்டும். கைநழுவினாலும் தொகுதி உடையாது. கீழ்த்தொகுதியை இரு முனைகளிலும் பிடித்து அழுத்தாமல், நடுவில் பிடிக்கவேண்டும்.
* கொதிநீரில் இடக்கூடாது. அக்ரிலிக் சுமார் 100 பாகை செல்சியசு அளவில் இளகத் தொடங்குவதால் வடிவம் நிலையாக மாறிவிடும்.
* கழற்றி வைத்திருக்கும்போது தண்ணீரிலேயே வைக்கவேண்டும். அக்ரிலிக் சிறிதளவு நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பொருளாகும். உலர்ந்தால் அளவு மாறும்.
* நுரைக்கும் மாத்திரைகளில் ஊறவைத்த பின் நன்கு துலக்கி அலசியே அணியவேண்டும். மாத்திரையையோ கரைசலையோ வாயில் இடலாகாது. இவற்றில் உள்ள பெர்சல்பேட்டு சிலருக்கு ஒவ்வாமை தருவதாக 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.
* சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலில் 10 நிமிடத்திற்கு மேல் ஊறவைக்கலாகாது; நிறம் வெளுக்கும். உலோகப் பகுதியுள்ள தொகுதிகளில் இதனைப் பயன்படுத்தவே கூடாது, உலோகம் அரிக்கும்.
* வெற்றிலை பாக்கு, தேநீர், புகையிலை ஆகியவற்றின் கறை நாட்பட்டால் வீட்டு முறைகளில் நீங்காது. கெட்டியான சுண்ணாம்புப் படிவையும் கறையையும் சுரண்டாமல் பல் மருத்துவரிடம் கொடுத்து மெருகிடுவதே நல்லது.
* பிடிப்புக் களிம்பைக் குறைந்த அளவே பயன்படுத்தவேண்டும். நாள்தோறும் களிம்பு மிகுதியாகத் தேவைப்பட்டால், உட்பரப்பைப் புதுப்பிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம். துத்தநாகம் கலந்த களிம்பை நெடுங்காலம் மிகையாகப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செம்பு குறைந்து நரம்புக் கோளாறு ஏற்பட்டது 2008இல் பதிவாகியுள்ளது.
* தொகுதி நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் ஆண்டுக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டவேண்டும். விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் தொடக்க நிலையில் உள்ள மயிரிழை விரிசல் தெரியும். அந்நிலையில் சீரமைப்பது எளிது.

உடல்நலச் சிக்கல்கள்

தூய்மையற்ற தொகுதியின் அடியில் காண்டிடா ஆல்பிகன்சு என்னும் பூஞ்சை பெருகி, அண்ணம் சிவந்து அழற்சியுறும். பலருக்கு இதில் வலி இருப்பதில்லை. ஆதலால் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் போகிறது. பூஞ்சை எதிர்ப்பு மருந்தோடு, தொகுதியைத் தூய்மை செய்வதும் இரவில் கழற்றுவதும் சேர்ந்தாலே இது குணமாகும். பொருந்தாத ஓரம் தொடர்ந்து உரசும் இடத்தில் புண்ணோ தசை வளர்ச்சியோ தோன்றலாம். இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண் எதுவாயினும் மருத்துவர் பார்க்கவேண்டியதாகும்.

இரவிலும் தொகுதியைக் கழற்றாத பழக்கம் ஈறோடு நில்லாமல் நுரையீரலையும் பாதிக்கிறது. சப்பானில் சராசரி வயது 87.8 கொண்ட 524 முதியோரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, தொகுதியுடன் உறங்குபவர்களுக்கு நிமோனியா ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு எனக் கண்டறிந்தது. பிறர் உதவியால் வாழும் முதியோரைப் பொறுத்தவரை, இரவில் தொகுதியைக் கழற்றித் தூய்மை செய்யும் பொறுப்பு அவர்களைப் பராமரிப்பவருக்கே உரியது.

மயக்க மருந்து கொடுக்கப்படும் அறுவை மருத்துவத்திற்கு முன் தொகுதியைக் கழற்றுவது கட்டாயமாகும். பிரித்தானியாவில் 72 வயது ஆண் ஒருவரின் பகுதித்தொகுதி, வயிற்றுப்பகுதி அறுவையின்போது தொண்டைக்குள் சென்று எட்டு நாட்கள் கண்டறியப்படாமல் இருந்தது 2019இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

சீரமைப்பதா, புதிதாகச் செய்வதா

எல்லாத் தொகுதிகளும் சீரமைக்கத்தக்கவை அல்ல. பின்வரும் நிலைகளில் புதிய தொகுதியே பரிந்துரைக்கப்படுகிறது.

* ஒரே இடத்தில் இருமுறைக்கு மேல் உடைந்திருத்தல்
* பல துண்டுகளாக நொறுங்கியிருத்தல் அல்லது முதன்மைத் துண்டு தொலைந்திருத்தல்
* பற்கள் தேய்ந்து, வாய் மூடும்போது முகத்தின் உயரம் குறைந்து, கன்னங்கள் ஒடுங்கியிருத்தல்
* அடித்தளம் நுண்துளைகளுடன் நாற்றம் நீங்காத நிலையை அடைந்திருத்தல்

அவ்வாறு புதியது செய்தாலும், பழையதைச் சீரமைத்து மாற்றுத் தொகுதியாக வைத்துக்கொள்வது பயனுள்ளதாகும். முதியோர் பலருக்குத் தொகுதியின்றி ஒரு வாரம் கழிவது என்பது கஞ்சியும் கூழுமாகவே உண்பதும், வெளியார் முன் பேசத் தயங்குவதும் ஆகும்.

எண்முறைத் தொகுதிகள்

2010களில், முன்னரே இறுகிய அக்ரிலிக் வட்டுகளைக் கணினிக் கட்டுப்பாட்டில் கடைந்தெடுத்தும், முப்பரிமாண அச்சு முறையிலும் தொகுதிகளைச் செய்யும் முறைகள் பரவின. கடைந்தெடுக்கப்படும் அக்ரிலிக், உயர் அழுத்தத்தில் இறுகியதாதலால் எஞ்சும் நீர்மமும் நுண்துளைகளும் குறைவு. இம்முறைகளின் மற்றொரு பயன், தொகுதியின் வடிவம் கணினிக் கோப்பாகச் சேமிக்கப்படுவதாகும். உடைந்தாலோ தொலைந்தாலோ புதிதாக அளவு எடுக்காமலேயே அதே வடிவில் மற்றொன்றைச் செய்யமுடியும். ஆயினும் அக்கோப்பு பழைய ஈறின் வடிவையே கொண்டிருக்கும் என்பதால், எலும்புத் தேய்வு மிகுந்தவர்களுக்கு மறு அளவு தவிர்க்க இயலாதது.

அடையாளக் குறி

முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் தொகுதிகள் ஒன்றோடொன்று மாறிப்போவதைத் தவிர்க்க, அடித்தளத்தில் பெயரோ எண்ணோ பொறிக்கப்படுவதுண்டு. சீரமைப்பின்போது இதனையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம். குற்றவியல் ஆய்விலும் இத்தொகுதிகள் பயன்பட்டுள்ளன. இங்கிலாந்தில் 1949இல் சான் சியார்ச் எய்க் என்பவர் தாம் கொன்ற ஒலிவ் துராண்ட்-டீக்கனின் உடலைக் கந்தக அமிலத்தில் கரைத்தார். ஆனால் அப்பெண்மணியின் அக்ரிலிக் பல்தொகுதி கரையாமல் எஞ்சியது. அதனைச் செய்த பல் மருத்துவர் அடையாளம் காட்டியது வழக்கில் முதன்மைச் சான்றாயிற்று.

சீரமைப்புப் பணியாளர்கள்

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பல் மருத்துவர், பல் நலப் பணியாளர், பல் தொழில்நுட்பர் என மூன்று பிரிவினரை வரையறுத்தது. இவர்களுள் தொகுதியை ஆய்வகத்தில் செய்பவரும் பழுதுநீக்குபவரும் பல் தொழில்நுட்பர் ஆவார். அளவு எடுத்தலும் வாயில் பொருத்திச் சரிபார்த்தலும் பல் மருத்துவரின் பணியாகும். கனடாவில் பல்தொகுதி வல்லுநர் என்னும் தனிப் பிரிவினர் நோயாளியை நேரடியாகப் பார்த்துத் தொகுதி செய்யவும் சீரமைக்கவும் இசைவு பெற்றுள்ளனர்.

இவற்றையும் பார்க்க

* பல் உள்வைப்பு
* பாலிமெத்தில் மெத்தாக்ரைலேட்
* வல்கனைசாக்கம்
* ஈறு அழற்சி
* காண்டிடா நோய்